பேர் சொல்லிக் கூப்பிடும் அம்மா

கொழுந்தனார் அனுப்பியதைத்தான் அவள் முதலில் கேட்டாள். குடும்பக் குழுவில், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கும் யார் வீட்டுக் குழந்தையோ தவழ்கிற படத்துக்கும் நடுவில், கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாகப் போட்டு, "அண்ணி, இது உங்க குரல் மாதிரியே இருக்கு, கேளுங்களேன்" என்று எழுதியிருந்தார். வெள்ளை மனதுக்காரர், பாவம். வெள்ளை மனதுக்காரர்கள் செய்கிற அக்கிரமத்துக்கு அளவே கிடையாது.

அடுக்களையில் நின்றபடி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டாள். போன் திரையில் ஒரு ஆறு தெரிந்தது. அக்கரையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். "வந்துட்டியா? இங்க பாரு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். அப்புறம் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பேர் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

அந்த வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை. தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எதிராளியைப் பெற்றவளையே இழுத்து வந்து நடுத்தெருவில் நிறுத்துவார்களே, அந்த ரகம். அதை ஒரு தாய், பத்து மாதம் சுமந்தவள், உள்ளம் உருக, சிரிப்பும் கண்ணீருமாகக் கூப்பிட்டாள். பின்னால் இரண்டு மூன்று விடலைகள் மூச்சு முட்டச் சிரிக்கிற சத்தம். 'உங்க குரல் மாதிரி'யாம், மாதிரி என்ன, அவள் குரலேதான்.

அவள் தொட்டியருகே போய் வாயைக் கொப்பளித்தாள். ஏதோ அவளே சொல்லிவிட்ட மாதிரி இரண்டு தடவை, மூன்று தடவை கொப்பளித்தாள்.

குரல் கொடுப்பதுதான் அவள் தொழில். இருபத்திரண்டு வயதில், ஒரு தொடரில் ஐம்பது வயது அம்மாவுக்குப் பேசவேண்டிய பெண்மணி வராமல் போனதால் இவளை உள்ளே தள்ளினார்கள். அன்றிலிருந்து அம்மாதான். சோப்பு விளம்பரத்து அம்மா, காய்ச்சல் மருந்து அம்மா, திருடனைப் பெற்ற அம்மா, செத்துப்போய்ப் புகையாக வந்து புத்தி சொல்லும் அம்மா. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளுக்கு அம்மாக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. "அம்மாக்காரி வந்தாச்சா? விளக்கைப் போடு" என்பார்கள்.

ஆனால் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தொண்டையில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து வீட்டில் அவள் வாயைத் திறப்பது அபூர்வம். வேலைக்கு வேண்டிய குரலை வீட்டில் செலவழிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். சாப்பாடு தயாரானால் அடுக்களையிலிருந்து அறைக்குள் இருக்கும் மகளுக்கு 'சாப்பிட வா' என்று செய்தி போடுவாள். அவசரமென்றால் இரண்டு தட்டு கை தட்டுவாள். கடைத்தெருவில் மகள் முன்னால் போய்விட்டால் மூச்சிரைக்க ஓடிப்போய்த் தோளைத் தொடுவாளே தவிர, கூப்பிட மாட்டாள். இந்தக் கட்டுப்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சக கலைஞர்கள் ஊர்க்கதை பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஆறும் அம்மாவும் வருகிற போன் விளையாட்டுக்குக் குரல் கொடுக்கும் வேலையைக் கொண்டுவந்தவன் நறுவிசாக நகம் வெட்டிய ஒரு தம்பி. விளையாட்டைச் செய்யும் நிறுவனத்தில் குரல் சம்பந்தப்பட்டது எல்லாம் அவன் பொறுப்பு. எதைச் சொன்னாலும் "புரியுதுங்கக்கா" என்பான். பசிக்கிறது என்றாலும் புரியுதுங்க, மைக்கில் எறும்பு ஏறுகிறது என்றாலும் புரியுதுங்க. அவளும் கூடத்துச் சவுண்டுக்காரரும் சேர்ந்து அவனுக்குப் 'புரியுதுங்க' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"தொலைஞ்சுபோன பிள்ளை காடு மலையெல்லாம் தாண்டி வீடு திரும்புற கதைக்கா" என்று அவன் விளக்கினான். "விளையாடுறவங்கதான் அந்தப் பிள்ளை. ஆரம்பத்துல ஒரு பேரை டைப் அடிப்பாங்க. மத்த விளையாட்டுல எல்லாம் அந்தப் பேர் எழுத்துல மட்டும்தான் வரும். வாயால ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. 'வீரனே'ம்பாங்க, 'தலைவா'ம்பாங்க, 'ஏம்ப்பா'ன்னு சமாளிப்பாங்க. சிலர், கொஞ்சம் பேரைப் பதிவு பண்ணி வச்சுட்டு, இதுல ஒண்ணை எடுத்துக்கோன்னுவாங்க. நம்ம விளையாட்டுல அப்படி இல்லை. யார் எந்தப் பேரை அடிச்சாலும் அம்மா அதைச் சொல்லிக் கூப்பிடுவா!"

"உலகத்துல இருக்கிற பேரையெல்லாம் நான் உட்கார்ந்து சொல்லணுமா தம்பி?"

"பேரைச் சொல்ல வேணாம். சத்தங்களைச் சொல்லுங்க. ஒட்டுறதைக் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து க, கா, கி, கீ என்று சொன்னாள். சும்மா சொன்னால் போதாது. ஒவ்வொன்றையும் கொஞ்சலாக ஒரு தடவை, அவசரமாக ஒரு தடவை, அதட்டலாக, அழுகையாக. பேரின் முதலில் வந்தால் ஒரு மாதிரி, நடுவில் வந்தால் ஒரு மாதிரி, கடைசியில் வந்தால் நீட்டி. நாள் முழுக்கச் சொன்னாள், வாரக்கணக்கில் சொன்னாள். "சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கக்கா, சிரிச்சா குரல்ல தெரியும்" என்றான் புரியுதுங்க. அலுத்துப்போய் சத்தம் தட்டையாகிவிட்டால், "உங்க பொண்ணை நினைச்சுக்கிட்டு சொல்லுங்க" என்பான்.

அவளும் நினைத்துக்கொண்டாள். குளிப்பாட்டிவிட்டதும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஈரக் காலோடு ஓடிய சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். காவுக்கும் அந்தப் பெண்தான், கீக்கும் அந்தப் பெண்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் ஒருநாள் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, பேரை விட்டுட்டு எவனாவது வேற எதையாவது அடிச்சா?"

புரியுதுங்க சிரித்தான். "அம்மா கூப்பிடுறதைக் கேக்க வர்றவங்க யாருண்ணே அப்படிச் செய்வாங்க?"

யார் செய்வார்களா? எல்லாரும் செய்தார்கள்! கொழுந்தனார் அனுப்பியதைக் கேட்ட மத்தியானமே அவள் போனில் தேடிப் பார்த்தாள். தேடியிருக்கவே கூடாது. மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று மேலே வருகிற சாக்கடை மாதிரி வந்துகொண்டே இருந்தது. கொஞ்சலில் ஒன்று, அதட்டலில் ஒன்று. கதையின் ஒரு இடத்தில் பிள்ளை அடிபட்டுக் கிடக்கும். தாய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லி அழுவாள். அந்த அழுகையில்தான் அந்தப் பயல்களுக்கு ஏகக் கொண்டாட்டம். எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும் அவள் அழுகையில் இருந்தது. ஒருவன் தன் வாத்தியார் பேரோடு ஒரு அசிங்கத்தைச் சேர்த்திருந்தான். இன்னொருவன், வெட்கம் மானம் இல்லாதவன், தன்கூடப் படிக்கிற யாரோ ஒரு பெண்ணின் பேரைப் போட்டுக் கூடவே ஒரு வார்த்தையை ஒட்டியிருந்தான். அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்ணோ. அவளை இவள் வாயால் திட்ட வைத்துவிட்டான், படுபாவி.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தன் மகளும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். பதினைந்து வயது, எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவள். அவள் இதைக் கேட்டால்? பெற்றவளின் குரலில் இந்தக் கண்றாவியைக் கேட்ட காதோடு, அப்புறம் அம்மா எது பேசினாலும் அவளுக்கு எப்படி இருக்கும்? மற்றது எப்படியோ போகட்டும், ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் காதுக்கு இது போகக் கூடாது. போவதற்குள் இதை நிறுத்தியாக வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பள்ளிவிட்டு வந்து அறைக்குள் புகுந்துகொண்ட மகளுக்குச் செய்தி போட்டாள். 'நான் பேசின அந்த விளையாட்டை நீ விளையாடுறியா?'

'இல்லயே. ஏன்?' என்று பதில் வந்தது.

'சும்மாதான்' என்று போட்டுவிட்டு மூச்சு விட்டாள்.

மாலையில் கணவன் வந்தான். பேருந்து ஓட்டுகிறவன். சட்டையைக் கழற்றி மாட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "டிப்போவுல ரெண்டு நாளா இதான் ஓடுது. டீ குடிக்கிற இடத்துல போட்டுப் போட்டுக் கேக்கறானுங்க. உன் குரல்னு அவனுங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல? நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செய்றது? எந்திரிச்சு வந்துட்டேன்."

எழுந்து வந்துவிட்டாராம், பெரிய வீரர்! அவள் அன்றைக்கு அதற்குமேல் அவனிடம் பேசவில்லை. பேசாமலிருப்பது அந்த வீட்டில் புதிதும் இல்லை.

மறுநாள் நிறுவனத்துக்குப் போனாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்கள். புரியுதுங்க கையைப் பிசைந்துகொண்டு குழைந்தான். "ரொம்பக் கஷ்டமா இருக்குக்கா. உங்க வேதனை புரியுதுங்கக்கா. தடுத்துடலாம். எந்தெந்த வார்த்தையைத் தடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா, அதை அடிச்சா அம்மா வாயே திறக்க மாட்டா. நீங்களும் கூட இருந்து பாத்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு திருப்தி."

திருப்தியாம். நிறுவனத்தின் சட்ட விவகாரம் பார்க்கும் பெண் ஒருத்தி, மூக்குக்கண்ணாடியும் மடித்துக் கட்டிய கொண்டையுமாக வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. அந்தப் பெண் அதை வாய் கூசாமல், வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு, "இதை நீங்க ஆட்சேபிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்பாள். அம்மாக்காரி தலையாட்டுவாள். "அடுத்தது." மறுபடி ஒன்று. "இதுக்கு?" அம்மாக்காரி தலையாட்டுவாள். துணிக்கடையில் துணியை விரித்துக் காட்டுவதுபோல அசிங்கத்தை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவள் கேள்விப்படாத வார்த்தைகள்கூட அதில் இருந்தன. கற்றுக்கொண்டாள்.

"இதைச் சில வீடுகள்ல செல்லமாச் சொல்றதுண்டாம். இதை மட்டும் விட்டுடலாமா?" என்றாள் கொண்டைக்காரி.

"எந்த வீட்டுல?" என்று கேட்டாள் அம்மாக்காரி.

"பொதுவா சொன்னேன் மேடம்."

"உங்க வீட்டுல சொல்வாங்களாம்மா?"

கொண்டைக்காரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதையும் தடுப்பில் சேர்த்தாள். புரியுதுங்க குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தடுப்பு வந்தது. வந்து என்ன? அந்தப் பயல்களுக்கு அது பந்தயமாகிப் போயிற்று. ஒரு எழுத்தைக் கூடுதலாக நீட்டினான் ஒருவன், நடுவில் புள்ளி வைத்தான் இன்னொருவன். கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, கேட்கிற காதுக்கு நன்றாகவே தெரிந்தது. முன்னே ஒரு வார்த்தையாக இருந்ததை இப்போது அவள் இழுத்து இழுத்துச் சொன்னாள். 'தடுப்பைத் தாண்டிய அம்மா' என்று அதற்குத் தலைப்பு வேறு.

இதைத் தட்டிக்கேட்கத்தான், முன்கூட்டிச் சொல்லாமல், இன்னொரு நாள் அங்கே போனாள். வரவேற்பில் யாரும் இல்லை. உள்ளே பெரிய கூடத்தில் சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்புக்கு நடுவே தன் அழுகை கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வேலை பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த புரியுதுங்க சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இதான்டா இந்த வாரம் முதல் இடம்" என்று எவனோ சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான்.

ஒருவன் அவசரமாக மடிக்கணினியை மூடினான். மூடியும் சத்தம் நிற்கவில்லை. சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் அவள் தன் அடிபட்ட பிள்ளையை அந்த வார்த்தை சொல்லி அழுது முடிக்கும்வரை எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அக்கா... இது வந்து... எதெல்லாம் தடுப்பைத் தாண்டி வருதுன்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

"பாத்துட்டுத்தான் சிரிச்சீங்களா?"

"புரியுதுங்கக்கா. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதனாலதான்க்கா இத்தனை பேருக்கு நம்ம விளையாட்டு தெரிஞ்சிருக்கு. நாமளா விளம்பரம் பண்ணாக்கூட இவ்வளவு போயிருக்காது. ஒரு வகையில உங்க குரலுக்கும்..."

அவளுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைக்கடியில் குப்பைக்கூடை இருந்தது. குனிந்து, அத்தனை பேர் முன்னாலும் அதில் காறித் துப்பினாள். துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பெத்தவ இருக்காளாடா?" என்றாள். அதுவரை அவனை நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"இருக்காங்கக்கா."

"அவ குரல்ல இதை எடுத்திருந்தா சிரிப்பியா?"

நல்லவேளையாக அவன் புரியுதுங்க என்று சொல்லவில்லை.

"இனிமே பேர் கூப்பிடுற வேலையே கிடையாது. எடுத்துடு. மத்த விளையாட்டுல பேர் சொல்ல மாட்டாங்க, சொல்ல மாட்டாங்கன்னு இளப்பமாச் சொன்னியே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு மனுஷப் பய புத்தி. நானும் கண்ணுன்னு கூப்பிட்டுட்டுப் போறேன். எல்லாரையும் கண்ணுன்னு. எவன் எதை வேணா அடிச்சுக்கட்டும், என் வாயில கண்ணு மட்டும்தான் வரணும். எடுக்கலைன்னா ரெண்டாம் பாகத்துக்கு வேற அம்மாவைத் தேடிக்கோ."

இரண்டாம் பாகம் வருகிறது, அதே அம்மா, அதே குரல் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேலிடத்தில் பேசினார்கள், கொண்டைக்காரி பேசினாள், ஏதேதோ பேசினார்கள். கடைசியில் சரி என்றார்கள்.

பேர் வருகிற இடமெல்லாம் மறுபடி பேசவேண்டியிருந்தது. கண்ணு என்று ஒன்றே ஒன்றைக் கொஞ்சலில், அவசரத்தில், அதட்டலில், அழுகையில், தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, காற்றுக்கு எதிராக. தொண்டை கம்மிப்போனது. மருத்துவர் திட்டினார். வெந்நீரும் துண்டுமாக உட்கார்ந்து பேசினாள். சவுண்டுக்காரர், "போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றபோதும் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லி, கண்ணு என்றால் என்னவென்றே அவளுக்கு மறந்துபோய்விட்டது. வெறும் சத்தமாகிவிட்டது. யாரோ முகம் தெரியாத, மூக்கைச் சிந்திச் சுவரில் தடவுகிற பயல்களையெல்லாம் கண்ணு கண்ணு என்று கொஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மகளுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் வீட்டில் கைதட்டலோடு சரி.

புதிய வடிவம் வந்தது. எதை அடித்தாலும் அக்கரையில் நிற்கும் அம்மா கண்ணு என்றுதான் கூப்பிட்டாள். பயல்கள் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு அசிங்கத்தைத் தேடிப் போனார்கள். கொழுந்தனார் மட்டும், "அண்ணி, அதை நிறுத்திட்டாங்களாமே, நல்ல தமாஷா இருந்துச்சு" என்று குழுவில் வருத்தப்பட்டார். அவள் அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். மனது லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. மகள் காதுக்கு ஒன்றும் போகவில்லை.

அன்று பள்ளி விடுமுறை. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு மகளுக்குச் செய்தி போட்டாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, ஆள் வரவில்லை. கை தட்டினாள். வரவில்லை. அறைக் கதவைத் திறந்தாள்.

மகள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த போனில் அந்த ஆறு. "வந்துட்டியா? இங்க பாரு, அம்மா இங்கதான் இருக்கேன், கண்ணு" என்றது அம்மாக்காரியின் குரல். மகளின் மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"விளையாடறதில்லைன்னு சொன்னியேடி?" கம்மிய தொண்டையோடு கேட்டாள்.

"பொய் சொன்னேன்."

"ஐயோ! அப்போ அந்தக் கண்றாவியெல்லாம் கேட்டியா?"

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருந்துச்சும்மா. உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அம்மாக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா இதை வச்சுக்கிட்டிருந்தே? சீன்னு தூக்கிப் போடத் தோணலையா உனக்கு?"

"அவங்க அடிச்சதை அவங்க கேட்டாங்க. நான் என் பேரைத்தான் அடிச்சேன்." மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுவே. நான் வேணும்னே மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். வரலைன்னா மறுபடி கூப்பிடுவே. இன்னும் வரலைன்னா பயந்துபோய்க் கூப்பிடுவே. எவ்வளவு நேரம் ஒளிஞ்சாலும் விட மாட்டே, கூப்பிட்டுக்கிட்டே இருப்பே."

"ஒட்டுப் போட்ட சத்தம்டி அது. க, கான்னு சொன்னதை எடுத்து ஒட்டினது."

"தெரியும்மா. சரியா ஒட்டக்கூட இல்லை, நடுவுல இடறும். பரவால்லைன்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "இப்ப எவனெவனையோ கண்ணுங்கறே. என்னையும் கண்ணுங்கறே. எனக்கும் அவனுங்களுக்கும் ஒண்ணுதான்."

"உன் காதுல விழக் கூடாதுன்னுதானே நான் இவ்வளவும் செஞ்சேன்! உனக்காகத்தானே தொண்டை கிழியப் பேசினேன்!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லைதான்.

"வீட்டுல நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லம்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இப்போது கூப்பிட்டால் போயிற்று. என்ன பெரிய விஷயம்? பெற்ற பெண், வைத்த பேர், சொந்த வாய். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளின் பேரைச் சொன்னாள். அழகாக வந்தது. கம்மலையும் மீறிக் குழைந்து, கடைசி எழுத்து நீண்டு, உள்ளே ஒரு சிரிப்போடு வந்தது. மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அதுல கூப்பிடுறது" என்றாள்.

அம்மாக்காரி மறுபடி கூப்பிட்டாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அவசரமாக வந்தது. பிள்ளை காணாமல் போன இடத்துக் கூப்பாடு, அச்சு அசல். இல்லை, இது இல்லை. இன்னொரு தடவை. அதட்டல் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, தன்னை அறியாமல் கூப்பிட்டாள். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அழுகிற அழுகையாக அது வந்து விழுந்தது. எங்கே மூச்சை வாங்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்று தொண்டைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் நிஜமாகத்தான் அழுதாள். நிஜமாக அழுதும் அப்படித்தான் வந்தது. அந்த நாலையும் விட்டால் அவளிடம் வேறு குரல் இல்லை. அந்தப் பயல்கள் அடித்ததைத் தன் குரலில் கேட்டுக் கூசியதைவிட இப்போது அதிகமாகக் கூசியது, தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு.

மகள் காத்திருந்தாள். கட்டிலை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகூடக் காத்திருந்தாள். அம்மாக்காரி மறுபடியும் வாயைத் திறந்தபோது, மெதுவாக அவள் தோளைத் தொட்டாள்.

"விடும்மா. தொண்டை கெட்டுப்போயிடும்."